அச்சாரம் கொடுத்தா கார் யாருது?

இந்த எபிசோடு ஒரு போன் காலில்தான் ஆரம்பிச்சது. ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுட்டு கண்ணசரப் போற நேரம். ஊர்ல இருந்து மாமா.

ஊர்னா கண்ணமங்கலம். வேலூர்ல பஸ் ஏறி திருவண்ணாமலைக்குப் போனா வழியில வர்ற ஊர். ஒரு பக்கம் ஜவ்வாது மலை நீலமா நிக்கும். வேலூர் வழியா படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனவங்க எங்க ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல பட்டாளத்துக்காரங்க அதிகம். மாமாவும் ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர்தான்.

"இன்னா பாப்பா, கார் வேணாம்னு சொன்னா முடியாதாமே? கார் என் பேருல ஆயிடுச்சாம். மிச்சப் பணத்தைக் கட்டித்தான் ஆவணுமாம்."

நடந்தது இதுதான். மாமா ஒரு ஷோரூமுக்குப் போயிருக்கார். பேரும் ஊரும் வேண்டாம். வண்டியைப் பார்த்தார், பிடிச்சிருந்தது, பத்தாயிரம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தை கணக்கு போட்டுக் காட்டினாங்க. பேத்தி காலேஜ் ஃபீஸ், கிணத்து மோட்டார், எல்லாம் சேர்த்து. மறுநாள் காலையில மாமா போன் பண்ணி வேண்டாம்னு சொல்லியிருக்கார். அதுக்கு வந்த பதில்தான் மேல சொன்னது.

நான் சட்டம் படிச்சவதான். ஆனா "கார் எப்போ நம்மளுது ஆகுது"ன்னு மாமா கேட்டப்போ சட்டுன்னு பதில் வரலை. டோக்கன் கொடுத்தப்போவா, கையெழுத்துப் போட்டப்போவா, இன்வாய்ஸ் போட்டப்போவா, சாவி கையில வாங்கினப்போவா, ஆர்.சி.யில பேர் ஏறினப்போவா? தேட ஆரம்பிச்சேன். நூத்தம்பது வருஷக் கதை ஒண்ணு கிடைச்சது. அதுல பாதி நம்ம மெட்ராஸ், கோயம்புத்தூர் கதை.

முதல்ல மாட்டுச் சந்தைக்குப் போயிடுவோம். எங்க பக்கத்துல போளூர்கிட்ட கேளூர் சந்தைன்னு ஒண்ணு. சின்ன வயசுல தாத்தாகூட போயிருக்கேன். மாட்டோட பல்லைப் பார்ப்பாங்க, சுழி பார்ப்பாங்க, கொஞ்ச தூரம் நடக்க விட்டுப் பார்ப்பாங்க. அப்புறம் தரகர் வந்து தோள் துண்டை எடுத்து ரெண்டு பேர் கையையும் மூடுவார். உள்ளே விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. விலை படிஞ்சா அச்சாரம். ஒரு சின்னத் தொகையை கையில வெச்சிட்டா முடிஞ்சது. மாட்டை சாயங்காலம் ஓட்டிக்கிட்டுப் போகலாம், மிச்சப் பணம் அடுத்த வாரம்கூட வரலாம். ஆனா அதுக்கு மேல வேற எவனாவது வந்து நூறு ரூபா கூடக் கேட்டா, "அச்சாரம் வாங்கிட்டேன்பா"ன்னு ஒரே வார்த்தைதான் பதில்.

மாமா மனசுல இருந்ததும் இதேதான். அச்சாரம் கொடுத்தோம், வாக்கு கொடுத்தோம், இப்போ பின்வாங்கினா தப்பு நம்ம மேலன்னு. அந்தக் குற்ற உணர்ச்சி இருக்கிறதாலதான் ஷோரூம்காரங்க சொன்னதை உடனே நம்பிட்டார்.

இப்போ வேடிக்கையைக் கேளுங்க. ஒரு காலத்துல சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிச்சு. 1872-ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தை காலேஜ்ல படிக்கிறப்போ 75-வது பிரிவுக்கு அப்புறம் நேரா 124-க்குத் தாவும். நடுவுல 76-லேருந்து 123 வரைக்கும் காணோம். 'நீக்கப்பட்டது'ன்னு ஒரு வரிதான் இருக்கும். எங்க யாருக்கும் அதுல என்ன இருந்ததுன்னு கேட்கத் தோணலை. பரீட்சைக்கு வராதே! அந்தக் காணாமப் போன பிரிவுகள்தான் பொருள் விற்பனை பத்தின பழைய சட்டம். அதுல 78-வது பிரிவு என்ன சொல்லிச்சுன்னா, இதுதான்னு குறிச்சு வெச்ச ஒரு பொருளுக்கு விலை பேசி, முழு விலையோ, பாதி விலையோ, வெறும் அச்சாரமோ கொடுத்துட்டா, அந்தப் பொருளோட உரிமை வாங்கினவருக்குப் போயிடும். அதாவது கேளூர் சந்தையில துண்டுக்கு அடியில நடக்கிறதும் கல்கத்தா சட்டப் புத்தகத்துல இருந்ததும் ஒண்ணுதான்.

இது 1930 வரைக்கும் ஓடிச்சு. அந்த வருஷம் ஜூலை 1-ந்தேதி பொருள் விற்பனைச் சட்டம் அமலுக்கு வந்தது. இங்கிலாந்தில 1893-ல வந்த சட்டத்தை அச்சாக வெச்சு எழுதினது. இன்னிக்கும் நாம கார் வாங்கறது, மிக்ஸி வாங்கறது, சிமெண்ட் மூட்டை வாங்கறது எல்லாம் இதுக்குக் கீழதான். இந்தச் சட்டம் அச்சாரத்தோட மந்திர சக்தியைப் பிடுங்கிடுச்சு. உரிமை எப்போ மாறும்? ரெண்டு தரப்பும் எப்போ மாறணும்னு நினைச்சாங்களோ அப்போ. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு, ரெண்டு பேரும் எப்படி நடந்துக்கிட்டாங்க, சூழ்நிலை என்ன, இதையெல்லாம் பார்த்து. இது 19-வது பிரிவு.

இதோட இன்னொரு கோடும் போட்டாங்க. 'விற்பனை' வேற, 'விற்கிறதுக்கான உடன்பாடு' வேற. உரிமை இப்பவே மாறினா விற்பனை. பின்னாடி ஒரு நாள், இல்லேன்னா ஒரு நிபந்தனை நிறைவேறினா மாறும்னா அது உடன்பாடு மட்டும்தான். ரெண்டும் சட்டப்படி கட்டுப்படுத்தும், அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா விற்பனையில நீங்க பின்வாங்கினா கடைக்காரர் முழு விலையைக் கேட்டு வழக்குப் போட முடியும். உடன்பாட்டுல பின்வாங்கினா, பொதுவா, நஷ்ட ஈடு மட்டும்தான் கேட்க முடியும். மாமாகிட்ட "மிச்சப் பணத்தைக் கட்டித்தான் ஆகணும்"னு சொன்னவர் இந்தக் கோட்டை ஒரே தாண்டா தாண்டியிருக்கார்.

சரி, காருக்கு வருவோம். கார் மாடு மாதிரி இல்லை. சந்தையில நாம தட்டிப் பார்த்த மாடுதான் வீட்டுக்கு வரும். ஷோரூம்ல நாம உட்கார்ந்து பார்த்த கார் வீட்டுக்கு வராது. அது டிஸ்ப்ளே வண்டி. நமக்கு வரப்போறது இன்னும் ஏதோ ஒரு யார்டுல நிக்குது, இல்லேன்னா இன்னும் அசெம்பிளி லைனுக்கே வரலை. 1930 சட்டத்தோட 18-வது பிரிவு ஒரே வாக்கியம்: எந்தப் பொருள்னு குறிப்பிட்டுத் தெரியாத வரைக்கும் உரிமை மாறாது. காரைப் பொறுத்தவரை 'எந்தப் பொருள்'ங்கிறதுக்கு பதில் சேஸிஸ் நம்பர்தான். வெள்ளை கலர், பெட்ரோல், நடு வேரியன்ட்னு எழுதினா அது ஒரு வகை. சேஸிஸ் நம்பர் எழுதினாதான் அது ஒரு கார்.

இதுக்கு நேர் எதிரா 20-வது பிரிவு. குறிப்பிட்ட பொருள், டெலிவரிக்குத் தயாரா இருக்கு, நிபந்தனை எதுவும் இல்லைன்னா, ஒப்பந்தம் போட்ட அந்த நிமிஷமே உரிமை மாறிடும். பணம் பின்னாடி கொடுத்தாலும் சரி, வண்டியை அடுத்த வாரம் எடுத்தாலும் சரி. வேற மாதிரி பேசி வெச்சிருந்தா தவிர. கூடவே 26-வது பிரிவு: உரிமை யாருகிட்டயோ, ஆபத்தும் அவங்களுக்குத்தான். கேட்க சாதாரணமா இருக்கா? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைச்சுப் பாருங்க. 2023 மிக்ஜாம் புயலை நினைச்சுப் பாருங்க. உங்க பேருல சேஸிஸ் நம்பரோட பில் போட்டாச்சு, முழுப் பணமும் கட்டியாச்சு, நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை எடுக்கலாம்னு யார்டுலயே விட்டு வெச்சிருக்கீங்க. வியாழக்கிழமை ராத்திரி தண்ணி வந்துடுச்சு. முங்கினது யார் கார்? ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, டீலர் தரப்புத் தாமதமோ கவனக்குறைவோ இல்லைன்னா, உங்களுதுன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. நல்ல நாள் பார்க்கிறவங்க இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியில இருந்து தொடங்குதுன்னும் பார்த்துக்கிறது நல்லது.

நம்ம ஊர்ல இந்தக் கேள்வி ரொம்ப நாளா எழவே இல்லை. ஏன்னா வாங்க காரே இல்லை! சுதந்திரத்துக்கு அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல மூணே கார்தான். கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாய்ல ஃபியட், நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு. அரசாங்கம் காரோட விலையையே ஆணை போட்டு நிர்ணயிச்சது. மூணு கம்பெனியும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1971-ல தீர்ப்பு வந்தது. அந்தக் காலத்துல புக்கிங்னா வாங்கறது இல்லை, க்யூவுல இடம் பிடிக்கிறது. வருஷக்கணக்கா காத்திருக்கணும்.

அந்த க்யூவோட கடைசிப் பெரிய காட்சி 1983. மாருதி 800-க்கு பத்தாயிரம் ரூபாய் கட்டி லட்சம் பேருக்கு மேல புக் பண்ணினாங்க. கவனிங்க, அப்போ அந்த கார் ஒண்ணுகூட ரோட்டுல ஓடலை. குலுக்கல் போட்டு யாருக்கு முதல்லன்னு முடிவு பண்ணினாங்க. டிசம்பர் 14 அன்னிக்கு ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருத்தருக்கு பிரதமர் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தாங்க. பத்தாயிரம் கட்டின அத்தனை பேருக்கும் அன்னிக்கு கையில இருந்தது ஒரு கார் இல்லை, ஒரு நம்பர்.

காத்திருந்து வண்டி வந்தாலும் கையில முழுப் பணம் இருக்கணுமே? இங்கதான் நம்ம ஊர் ஆளுங்க வர்றாங்க. லாரி, பஸ், கார் எல்லாத்துக்கும் கடன் கொடுக்கிற தொழில் மெட்ராஸ்லயும் கோயம்புத்தூர்லயும்தான் செழிச்சது. டி.எஸ்.சந்தானம் 1954-ல ஆரம்பிச்ச சுந்தரம் ஃபைனான்ஸ் அதுல பெரிய பேரு. முறை இப்படி: ஃபைனான்ஸ்காரர் வண்டியை வாங்குவார், உங்களுக்கு வாடகைக்கு விடுவார். மாசாமாசம் தவணை. கடைசித் தவணை முடிஞ்சதும் ஒரு சின்னத் தொகை கட்டி 'வாங்கிக்கிறேன்'னு சொன்னா வண்டி உங்களுது. ஹயர் பர்ச்சேஸ். நம்ம வாயில 'டியூ' வண்டி.

அப்போ டியூ வண்டி எப்போ விற்பனை ஆகுது? இந்தக் கேள்வியை முதல்ல கேட்டது வாங்கினவங்க இல்லை, வரி அதிகாரிங்க. விற்பனை நடந்தாதான் விற்பனை வரி. கோயம்புத்தூர்ல வாகனங்களுக்கு ஃபைனான்ஸ் பண்ணின ஜோஹர் அண்ட் கோ மேல வரி போட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. 1964-ல வந்த தீர்ப்பு ரொம்பத் தெளிவு. ஹயர் பர்ச்சேஸுக்குள்ள ரெண்டு விஷயம் இருக்கு. முதல்ல வாடகை. அப்புறம், எல்லாத் தவணையும் முடிச்சு அந்தக் கடைசி 'வாங்கிக்கிறேன்'ஐச் சொன்னப்போ விற்பனை. அதாவது ரெண்டு மூணு வருஷமா வீட்டு வாசல்ல நின்னு, பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, குலதெய்வம் கோயிலுக்கெல்லாம் போயிட்டு வந்த வண்டி, சட்டத்தோட கண்ணுல வாடகை வண்டி.

அடுத்து சுந்தரம் ஃபைனான்ஸ், கேரள அரசு வழக்கு. இங்க நீதிமன்றம் காகிதத்தைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு நிஜத்தைப் பார்த்தது. காரை டீலர்கிட்ட வாங்கினது வாடிக்கையாளர்தான். பணம் குறைஞ்சதால ஃபைனான்ஸ்ல வாங்கினார். வண்டியை ஃபைனான்ஸ்காரருக்கு வித்த மாதிரி எழுதினது கடனுக்கு ஈடா மட்டும்தான். அது கடன், விற்பனை இல்லை, அதனால அந்த வரியும் இல்லைன்னு தீர்ப்பு. அரசாங்கம் சும்மா இருக்குமா? 1982-ல அரசியல் சட்டத்தையே 46-வது தடவையா திருத்தி, ஹயர் பர்ச்சேஸும் வரிக்காக விற்பனை மாதிரிதான்னு எழுதிக்கிட்டாங்க. நம்ம பக்கத்து டியூ வண்டி அரசியல் சட்டம் வரைக்கும் போயிட்டு வந்திருக்குன்னு எனக்கு இந்த எபிசோடுக்குப் படிக்கிற வரைக்கும் தெரியாது.

இன்னிக்கு நாம பேங்க்ல எடுக்கிற கார் லோன் இதுல இருந்து வேற. வண்டி உங்க பேருல, ஆர்.சி.யில பேங்க் பேரு ஹைப்பாதிகேஷன்னு ஏறும், அவ்வளவுதான்.

இப்போ மாமா கேள்வியோட மனசாட்சிப் பகுதி. பின்வாங்கினா டீலருக்கு எவ்வளவு நஷ்டம்? இதுக்கு இங்கிலாந்துல ரெண்டு வழக்கு இருக்கு, ரெண்டுமே கார் ஷோரூம்தான். ஒண்ணு 1955-ல. ஒருத்தர் ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார் வாங்க ஒத்துக்கிட்டு மறுநாளே வேண்டாம்னுட்டார். அப்படியே நம்ம மாமா! இந்த வேன்கார்டு மெட்ராஸ்லயும் அசெம்பிள் ஆச்சுங்கிறது ஒரு துணைத் தகவல். அந்த ஊர்ல அப்போ கார் நிறைய, வாங்க ஆள் கம்மி. அதனால டீலருக்கு ஒரு விற்பனையே போச்சு, லாபம் 61 பவுண்டைக் கொடுன்னு தீர்ப்பு. ரெண்டாவது 1957-ல. ஹில்மேன் மின்க்ஸ் கார். ஆனா இங்க டீலரோட ஆளே சாட்சிக் கூண்டுல, "எத்தனை கார் வந்தாலும் வித்துடுவோம்"ங்கிற அர்த்தத்துல சொல்லிட்டார். அப்போ உங்களுக்கு என்ன நஷ்டம்னு கேட்டு, பேருக்கு 40 ஷில்லிங் கொடுத்து அனுப்பிட்டாங்க.

க்யூ இருந்தா நஷ்டம் இல்லை. தள்ளுபடி போட்டு விக்கிற காலம்னா நஷ்டம் உண்டு. அட்வான்ஸைப் பிடிச்சு வெச்சுக்கலாமாங்கிறதுக்கு நம்ம ஊர் சட்டத்துல ரெண்டு பதில் இருக்கு. 1969-ல பழைய விமான உதிரி பாகங்கள் வாங்கற வழக்கு ஒண்ணுல, பத்து லட்சம் விலைக்கு ரெண்டரை லட்சம் அச்சாரம் கட்டி, அப்புறம் மாட்டேன்னவரோட மொத்த அச்சாரமும் போனது சரிதான்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. ஒப்பந்தத்துல அப்படித் தெளிவா எழுதியிருந்தது. இன்னொரு பக்கம் ஒப்பந்தச் சட்டத்தோட 74-வது பிரிவு: அபராதத் தொகை எழுதி வெச்சிருந்தாலும் அந்த வரம்புக்குள்ள நியாயமான ஈடுதான் கிடைக்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதுல ஒரு படி மேல போய், நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அபராதம் இருந்தா அது 'நியாயமற்ற ஒப்பந்தம்'னு சொல்லுது. அதை மட்டும் மாவட்ட ஆணையத்துல கேட்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போகணும். பத்தாயிரம் ரூபாய்க்கு யார் சென்னை வரைக்கும் அலைவாங்க, அது வேற கேள்வி.

ஒரு விஷயம் நிறையப் பேர் தப்பா நம்பறாங்க. வாங்கிட்டு ஏழு நாளுக்குள்ள மனசு மாறினா திருப்பிக் கொடுக்கலாம்னு. ஷோரூம்ல போய் வாங்கற காருக்கு நம்ம நாட்டுல அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆன்லைன்ல சட்டை வாங்கின பழக்கத்துல வந்த நம்பிக்கை அது. இன்னொண்ணு, நீங்க பணம் கட்டறது டீலருக்கு, கார் கம்பெனிக்கு இல்லை. கோவாவுல ஒருத்தர் 2011 மாடல் கார் கேட்டார். டீலர் கொடுக்கப் பார்த்தது 622 கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடின 2009 மாடல். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. டீலர் பண்ணின தப்பு கம்பெனிக்குத் தெரியும்னு காட்டாத வரைக்கும் டாடா மோட்டார்ஸ் பொறுப்பு இல்லைன்னு 2021-ல தீர்ப்பு.

"எப்போ வித்தது?"ங்கிற ஒரே கேள்வியில நாடே மாட்டிக்கிட்ட சம்பவம் ரெண்டு நடந்திருக்கு. உங்கள்ல சிலர் அதுல பைக் வாங்கியிருப்பீங்க. 2017 மார்ச் 29, புகை விதிமுறை வழக்கு. ஏப்ரல் 1-ல இருந்து பி.எஸ். 3 வண்டிகளை விற்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கையிருப்புல 8.24 லட்சம் வண்டி, பெரும்பாலும் டூ வீலர். ரெண்டே நாள் டைம். மார்ச் 31-க்குள்ள வித்தாச்சுன்னு ஆதாரம் காட்டினா மட்டும் அப்புறமா ரெஜிஸ்டர் பண்ணலாம். அந்த ரெண்டு நாள் ஷோரூம் வாசல்ல எல்லாம் கூட்டம், ஆயிரக்கணக்குல தள்ளுபடி. இங்க விற்பனைங்கிறது ரெஜிஸ்ட்ரேஷன் இல்லை, பில்லுதான்னு நீதிமன்றமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சு.

மூணு வருஷம் கழிச்சு 2020-ல பி.எஸ். 4 வண்டிகளுக்கு அதே மார்ச் 31 கெடு. ஆனா இந்தத் தடவை விற்கவும் கூடாது, ரெஜிஸ்டர் பண்ணவும் கூடாதுன்னு 2018-லயே சொல்லியாச்சு. நடுவுல லாக்டவுன். டீலர்கள் போய்க் கெஞ்ச, லாக்டவுன் முடிஞ்சு பத்து நாளைக்கு மிச்ச சரக்குல பத்து சதவீதம் மட்டும் விற்கலாம்னு மார்ச் 27 அன்னிக்கு அனுமதி, டெல்லி வட்டாரம் தவிர. அளவை மீறி வித்துட்டாங்கன்னு ஜூலை 8-ந்தேதி அந்த அனுமதியே வாபஸ். ஊரே அடைஞ்சு கிடந்த மார்ச் கடைசி நாட்கள்ல இவ்வளவு வண்டி எப்படி வித்தீங்கன்னு நீதிபதிகள் கேட்டாங்க. கடைசியில ஆகஸ்ட் 13 அன்னிக்கு, மார்ச் 31-க்குள்ள வித்து, விவரம் இ-வாகன் போர்ட்டல்ல ஏறியிருந்த வண்டிகளை மட்டும் ரெஜிஸ்டர் பண்ணலாம்னு முடிவாச்சு. பணம் கட்டி, பில் வாங்கி, வண்டியும் வீட்டுல நின்னு, ஆனா போர்ட்டல்ல பேர் ஏறாதவங்க? 1930 சட்டப்படி அவங்க சொந்தக்காரங்கதான். ஓட்ட முடியாத வண்டிக்குச் சொந்தக்காரங்க.

ஆர்.சி.யோட கதையும் இப்படி ரெட்டை வேஷம்தான். விற்பனை முழுசா முடிய ஆர்.சி.யில பேர் மாறணும்னு அவசியம் இல்லை. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 'உரிமையாளர்'னு சொல்றது யார் பேருல ரெஜிஸ்டர் ஆகியிருக்கோ அவரைத்தான். 2007-ல தன்னோட காரை வித்துட்டார் ஒருத்தர். அது கை மாறி, கை மாறி, 2009-ல வேற யாரோ ஓட்டி விபத்து, ஒரு உயிர் போச்சு. ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பேருலயே இருந்தது. இழப்பீடு கொடுக்க வேண்டியது அவர்தான்னு 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. பழைய பைக்கை ஃப்ரெண்டுக்குக் கொடுத்துட்டு 'அவன் மாத்திப்பான்'னு விட்டவங்க இந்த இடத்துல ரீவைண்ட் பண்ணி இன்னொரு தடவை கேளுங்க. ஒரே மாநிலத்துக்குள்ளன்னா வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும்.

இப்போ மாமா ஃபாரம். வாட்ஸப்புல போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பின் பக்கம் பொடி எழுத்து, ஜூம் பண்ணிப் பண்ணிப் படிச்சேன். டெலிவரி அன்னிக்கு என்ன விலையோ அதுதான் விலை. டெலிவரி தேதி உத்தேசம். சப்ளை இல்லைன்னா டீலர் புக்கிங்கை ரத்து பண்ணலாம். சேஸிஸ் நம்பர் கட்டம் காலி. கேன்சல் பண்ணினா எவ்வளவு பிடிப்போம்ங்கிற கட்டமும் காலி. இதை வெச்சுக்கிட்டு கார் மாமா பேருல ஆயிடுச்சுன்னு சொல்ல முடியுமா? எது அவர் பேருல ஆச்சு? அந்த கார் எதுன்னு அவங்களுக்கே தெரியாதே. அதிகபட்சம் அது விற்கிறதுக்கான உடன்பாடு. நஷ்டம் ஏதாவது இருந்தா அதை அவங்க காட்டணும், மறுநாளே சொல்லிட்ட மனுஷன்கிட்ட பெருசா ஒண்ணும் காட்ட முடியாது.

மாமாவை ஒரு லெட்டர் எழுதச் சொன்னேன். ஒரு பக்கம்தான். தேதி, ரசீது நம்பர், சேஸிஸ் நம்பர் ஒதுக்கலை, பணத்தைத் திருப்பிக் கொடுங்க, ஏதாவது பிடிச்சா கணக்கு கொடுங்க. கண்ணமங்கலம் போஸ்ட் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் தபால். மூணு வாரம் கழிச்சு எட்டாயிரத்து ஐநூறு அக்கவுண்டுல ஏறிச்சு. மிச்சம் ஆயிரத்து ஐநூறுக்குக் கணக்கு வரலை. நான் விடக்கூடாதுன்னு சொன்னேன். மாமா சிரிச்சார். "வுடு பாப்பா. அவன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான், அரை நாள் வண்டி காமிச்சான்."

எனக்கு இன்னும் அது உறுத்துது. அவருக்கு உறுத்தலை.

போன வாரம் மறுபடி போன். பழைய கார் ஒண்ணு வாங்கிட்டாராம். கூட பட்டாளத்துல இருந்த சிநேகிதர், ஆரணிக்காரர், நல்ல விலைக்குக் கொடுத்தாராம். சாவி வாங்கியாச்சு, படவேடு போய் பூஜையும் போட்டாச்சு.

"ஆர்.சி. மாத்தியாச்சா மாமா?"

"அது இன்னா அவசரம், அவன் நம்ம ஆளு. பொறுமையா ஒரு நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயி மாத்திக்கலாம்."

அந்த ஆரணிக்காரர் நம்பரை வாங்கி வெச்சிருக்கேன். ரெக்கார்டிங் முடிஞ்சதும் அவருக்குத்தான் முதல் போன்.